டவுன்ஹோம்: சொல்லும் அதன் வாடகையும்

கனடாவின் ரொறன்ரோ, ஸ்காபரோ வாடகை விளம்பரங்களில் 'டவுன்ஹோம்' என்று வருவது, பக்கச்சுவரை அடுத்த வீட்டோடு பங்கிட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும் இரண்டு மூன்று மாடி வீடு. வாசல் தனி, சுவர் பொது.

'டவுன்' என்பதன் பழைய ஆங்கில வடிவம் 'டூன்'. வேலி, வேலியடைத்த இடம் என்று பொருள். வேலிக்கு ஜெர்மன் மொழியில் இன்றும் 'த்சவுன்' என்றுதான் பெயர். நம் ஊர்ப்பெயர்களிலும் இதே வேலி நிற்கிறது: திருநெல்வேலி, நீர்வேலி, அச்சுவேலி. கிராமத்தில் பெருமாளிகை வைத்திருந்த பிரிட்டிஷ் பிரபுக்கள் லண்டனில் வைத்திருந்த வீடே முதலில் 'டவுன்ஹவுஸ்'. வட அமெரிக்காவில் அது சாதாரண வரிசை வீட்டுக்கு வந்து சேர்ந்தது. 'ஹவுஸ்' இருந்த இடத்தில் 'ஹோம்' ஏறியது விற்பனைக்காரர் பூசிய மெருகு.

தமிழில் என்ன சொல்லலாம்? 'நகர்மனை' சொல்லுக்குச் சொல் சரி, ஆனால் இன்று 'மனை' என்றால் வீடு கட்டாத நிலம் என்றே பலர் எடுத்துக்கொள்வார்கள். சங்கத் தமிழில் 'நகர்' என்பதற்கே மாளிகை என்ற பொருளும் உண்டு என்பது வேறு கதை. 'வரிசை வீடு' இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளரின் லயன் அறைகளை நினைவுபடுத்தும். 'ஒட்டுவீடு' காதில் 'ஓட்டுவீடு' என்று விழும். பொதுச்சுவரைச் சொல்லாமல் சொல்வதால் 'தொடர்வீடு' பொருந்தும். வாடகைக்கும் 'குடிக்கூலி' என்ற நல்ல பழஞ்சொல் இருக்கிறது. இனி அது திரும்பி வராது.

எதெது பொது என்பதைப் பொறுத்தே செலவு. ஃப்ரீஹோல்ட் தொடர்வீட்டில் நிலமும் கூரையும் வீட்டுக்காரருடையவை. ஹைட்ரோ (மின்சாரம்), காஸ், தண்ணீர், குப்பைத்தொட்டிக் கட்டணம், சில இடங்களில் வெந்நீர்த் தொட்டியின் மாத வாடகை எல்லாம் குடியிருப்பவர் தலையில் விழலாம். பொது இடங்களை ஒரு கூட்டு நிர்வாகம் பார்க்கும் 'கொண்டோ' தொடர்வீட்டில் பனி அள்ளுவதையும் புல் வெட்டுவதையும் பெரும்பாலும் அந்த நிர்வாகமே செய்யும். அதற்கான மாதக் கட்டணம் வீட்டுக்காரர் நிர்வாகத்துக்குக் கட்டவேண்டியது. அதை வாடகைக்கு மேல் தனியாகக் கேட்டால் அங்கேயே பேரம் பேசுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய 'ஸ்டாக்ட்' வகையில் சுவரோடு கூரையும் பொது. கீழ்வீட்டுக்காரருக்கு மேல்வீட்டுக் காலடி ஓசை இலவசம்.

கையெழுத்திடும்போது கேட்பது முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும். வாடகை 3,000 டாலர் என்றால் 6,000 டாலர். கடைசி மாதத்துக்கென்று வாங்கும் வைப்பு ஒரு மாத வாடகையைத் தாண்டக்கூடாது. அதற்கு ஆண்டுதோறும் வட்டியும் உண்டு, பலர் கேட்பதேயில்லை. 'சேதத்துக்கு' என்று தனி வைப்பு வாங்குவது ஒன்ராறியோ மாகாணத்தில் சட்டப்படி செல்லாது. சாவிக்கு வாங்கினால் சாவி செய்யும் விலைதான், அதையும் திருப்பித் தரவேண்டும்.

பலர் சறுக்குவது அடுத்த ஆண்டு உயர்வில். 12 மாதத்துக்கு ஒருமுறைதான் உயர்த்தலாம், 90 நாள் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும். 2025இல் மாகாண உச்சவரம்பு 2.5%, 2026இல் 2.1%, 3,000 டாலருக்கு 2.1% என்றால் 63 டாலர். ஆனால் 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறிய வீடுகளுக்கு அந்த வரம்பு கிடையாது. அங்கே 10% கேட்டால் 300 டாலர், தடுக்கச் சட்டமில்லை. புதிதாக எழும் தொடர்வீடுகள் எல்லாம் இந்த வகைதான். ஆகவே வாடகையைக் கேட்கும் முன் வீட்டில் முதன்முதலில் ஆள் குடியேறியது எப்போது என்று கேளுங்கள். எந்தெந்த பில் யார் பொறுப்பு என்பதை மாகாணத்தின் நியம ஒப்பந்தப் படிவத்திலேயே எழுதி வாங்குங்கள்.