பட்டன் மாதிரி இருந்தால் பட்டன் ஆகிவிடுமா?

"ஒரு டிவ் போட்டு, நிறம் கொடுத்து, ஓரங்களை வளைத்து, கிளிக் செய்தால் வேலை செய்யும்படி ஸ்கிரிப்டும் எழுதிவிட்டேன். பார்க்க பட்டன்தான். அப்புறம் எதற்கு தனியாக பட்டன் டேக்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். டேக் என்பது இணையப் பக்கத்தில் ஓர் உறுப்பு என்ன வகை என்று பிரவுசருக்குச் சொல்லும் குறி. டிவ் என்பது தனக்கென்று எந்த அர்த்தமும் இல்லாத வெறும் பெட்டி.

இணையப் பக்கம் எழுதும் மொழிகளில் ஹெச்டிஎம்எல் உள்ளடக்கத்துக்கு, சிஎஸ்எஸ் தோற்றத்துக்கு. இது தெரிந்த கதை. பலர் கவனிக்காதது, பிரவுசர் பக்கத்தை வரையும்போதே இன்னொரு வேலையும் செய்கிறது என்பதை. அது 'அணுகல் மரம்' ஒன்றைக் கட்டுகிறது. அதில் நிறம், நிழல் எதுவும் கிடையாது. ஒவ்வொரு உறுப்பும் என்ன வகை, பெயர் என்ன, இப்போது எந்த நிலையில் இருக்கிறது, இவ்வளவுதான். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் என்விடிஏ, டாக்பேக் போன்ற ஸ்க்ரீன் ரீடர்கள் (திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள்கள்) இந்த மரத்தை வைத்துத்தான் பேசுகின்றன. பட்டன் டேக் இருந்தால் "அனுப்பு, பட்டன்" என்று குரல் வரும். டிவ் என்றால் 'பட்டன்' என்ற சொல்லே வராது. டேப் விசையும் அதில் நிற்காமல் தாண்டிப் போய்விடும்.

எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல் சொல்வதுதான். பட்டனில் எண்டர் விசையை அழுத்தினால் அழுத்தியவுடன் வேலை நடக்கும். ஸ்பேஸ் விசை அப்படியில்லை, விரலை எடுக்கும்போதுதான் நடக்கும். தவறாக அழுத்திவிட்டீர்களா? ஸ்பேஸை விடாமல் டேப்பைத் தட்டி நகர்ந்துவிடுங்கள், ஒன்றும் ஆகாது. பட்டனை மவுசால் அழுத்திப் பிடித்து வெளியே இழுத்து விடுவோமே, அதே வசதி கீபோர்டுக்கும். யாரோ எவ்வளவு பொறுமையாக யோசித்திருக்கிறார்கள்! ஒரே ஒரு டேக்கில் இது இலவசமாக வருகிறது. டிவ்வில் ஒவ்வொன்றையும் நாமே எழுத வேண்டும்.

பார்க்க ஒன்று, உள்ளே வேறொன்று என்ற இந்தச் சிக்கல் தமிழுக்குப் பழசு. பாமினி என்ற பழைய எழுத்துருவில் 'அம்மா' என்று திரையில் தெரியும். கணினியிடம் இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள். கண்ணுக்குத் தமிழ், தேடலுக்கும் குரலுக்கும் குப்பை. அன்று வேறு வழி இல்லை, ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் யூனிகோட் பரவிய பிறகே அது தீர்ந்தது. இன்றும் தமிழ் அறிவிப்பைப் படமாக மட்டும் ஏற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. தமிழைத் தெளிவாக வாசிக்கும் குரல்களை உருவாக்க அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும். ஆனால் எவ்வளவு நல்ல குரலாலும் மாற்று உரை (படத்தில் இருப்பதைச் சொல்லும் எழுத்து) இல்லாத படத்தை நம்பி வாசிக்க முடியாது.

சரி, பட்டன் டேக் போட்டால் அழகு கெடுமா? அது வெறும் மூடநம்பிக்கை. டிவ்வை பட்டனாக மாற்றி, உங்கள் பழைய சிஎஸ்எஸ்ஸையே அதற்குக் கொடுங்கள். பிரவுசர் தானாகப் போடும் பார்டர், பின்னணி, எழுத்துரு எல்லாம் நாலைந்து வரியில் மாறிவிடும். டேப் வந்து நிற்கும்போது சுற்றி ஒரு கோடு தெரியும், அதை மட்டும் அழிக்காதீர்கள். பிடிக்கவில்லை என்றால் உங்கள் டிசைனுக்குப் பொருந்தும் நிறத்தில் தடிமனாக ஒன்று போடுங்கள். மவுஸ் பிடிக்க முடியாதவருக்கு, தான் எங்கே நிற்கிறோம் என்று காட்டுவது அந்தக் கோடுதான்.