எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையும் மருத்துவக் காப்பீட்டு விதியும்: இளம் வயதினர் முடிவெடுக்கும் முன் அறிய வேண்டியவை

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று யோசிக்கும் இருபது வயதுக்காரருக்கும் அவருடைய பெற்றோருக்கும் முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் பணத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்வரை, உடல்பருமனுக்கான சிகிச்சை எதுவாக இருந்தாலும் பணம் தர முடியாது என்று பல காப்பீட்டு நிறுவனங்கள் கைவிரித்துவிடும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019 செப்டம்பர் 27 அன்று, மருத்துவக் காப்பீட்டு ஒப்பந்தங்களில் இடம்பெறும் விலக்குகளுக்கு, அதாவது நிறுவனம் பணம் தராத செலவுகளுக்கு, ஒரே சீரான வாசகங்களை வகுத்து வெளியிட்ட பிறகு இந்த நிலை மாறியது. உங்கள் பாலிசிப் பத்திரத்தில் விலக்குகள் பட்டியலில் 06 என்ற எண்ணுடன் 'உடல்பருமன், எடைக் கட்டுப்பாடு' என்ற தலைப்பில் இருக்கும் பத்தி அந்த வாசகத்தைச் சேர்ந்ததுதான்.

அந்தப் பத்தி எதிர்மறையாக எழுதப்பட்டிருப்பதால், அவசரமாகப் படிப்பவர்கள் இந்தச் சிகிச்சைக்குப் பணமே கிடையாது என்று நினைத்துவிடுகிறார்கள். அது உண்மையில் சொல்வது, குறிப்பிட்ட நான்கு நிபந்தனைகளையும் நிறைவு செய்யாத அறுவை சிகிச்சைச் செலவு மட்டுமே விலக்கப்படுகிறது என்பதுதான். சிகிச்சை மருத்துவரின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும். மருத்துவ நெறிமுறைகள் அதை ஆதரிக்க வேண்டும். காப்பீடு பெற்றவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பிஎம்ஐ எனப்படும் உடல் நிறை எண் 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அது 40-ஐ எட்டாமல் 35 அல்லது அதற்கு மேல் இருந்தால், உடல்பருமனால் வந்த இதயத்தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், தீவிரமான தூக்க மூச்சுத்திணறல், கட்டுக்குள் வராத இரண்டாம் வகை நீரிழிவு ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்றும் சேர்ந்திருக்க வேண்டும். அதோடு, இந்த 35 பிரிவினர் அறுவை சிகிச்சை அல்லாத எளிய வழிகளில் எடையைக் குறைக்க முயன்று பலனில்லாமல் போயிருக்கவும் வேண்டும்.

இந்த எண்களைக் கிலோவில் சொன்னால்தான் பலருக்குப் புரிகிறது. 160 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்குப் பிஎம்ஐ 35 என்பது ஏறத்தாழ 90 கிலோ, 40 என்பது ஏறத்தாழ 102 கிலோ. அதே உயரத்தில் 95 கிலோ எடையும், பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பைக் கோளாறு, கொழுப்புக் கல்லீரல், முழங்கால் வலி ஆகியவையும் உள்ள 23 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய பிஎம்ஐ 37. தொந்தரவுகளோ ஒன்றுக்கு மூன்று. ஆனால் அவற்றில் எதுவும் நான்கு நோய்கள் கொண்ட பட்டியலில் இல்லாததால் விலக்கு 06 அவருக்குப் பொருந்திவிடுகிறது. உயர் ரத்த அழுத்தமும் அந்தப் பட்டியலில் கிடையாது. இளம் வயதினர் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். இதய நோயும் கட்டுக்கடங்காத சர்க்கரையும் வழக்கமாக நடுவயதில் தலைதூக்குபவை என்பதால், இந்தப் பட்டியல் நடுவயதினரை மனத்தில் வைத்து எழுதப்பட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. மருந்தும் உணவுக்கட்டுப்பாடுமாகச் சர்க்கரையைக் கவனமாகக் கட்டுக்குள் வைத்திருப்பவருக்குத் தகுதி இல்லை, அது கைமீறிப் போனவருக்கு உண்டு என்பது இதில் உள்ள இன்னொரு முரண்.

மருத்துவ உலகின் அளவுகோல் இப்போது வேறு. 40, 35 என்ற எண்கள் 1991-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய மாநாடு வகுத்தவை. 2022-இல் அமெரிக்க எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைச் சங்கமும் அத்துறையின் சர்வதேசக் கூட்டமைப்பும் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரை, பிஎம்ஐ 35-ஐத் தாண்டியவர்களுக்கு வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்கிறது. ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு போன்ற நோய்கள் வருவதால், அவர்களுக்கு 27.5 முதலே இதைப் பற்றி யோசிக்கலாம் என்றும் அது சொல்கிறது. ஆகவே, உங்களுக்கு அறுவை சிகிச்சை தேவை என்று மருத்துவர் சொல்வதும், அதற்குக் காப்பீடு பணம் தராது என்று நிறுவனம் சொல்வதும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும். நிறுவனம் மறுத்துவிட்டதால் மருத்துவர் ஏமாற்றுகிறார் என்று ஆகிவிடாது. நிறுவனம் ஒப்புக்கொண்டுவிட்டதால் உங்களுக்கு அந்தச் சிகிச்சை ஏற்றது என்றும் ஆகிவிடாது.

விலக்கு 06 குறைந்தபட்ச வரம்பு மட்டுமே. அதைவிடத் தாராளமான பாலிசிகளை நிறுவனங்கள் விற்பதற்குத் தடையில்லை. வேலை பார்க்கும் நிறுவனம் எடுத்துத் தரும் குழுக் காப்பீட்டில் நிபந்தனைகள் வேறாக இருக்கலாம். பாலிசி எடுத்த பின் பணம் கேட்கும் முன் கழிய வேண்டிய காத்திருப்புக் காலம் தளர்த்தப்பட்டும் இருக்கலாம். ஆனால் வேலையை விட்டால் அந்தக் காப்பீடும் போய்விடும்.

காத்திருப்புக் காலத்தை இளம் வயதினர் தனியாகக் கவனிக்க வேண்டும். புதிய பாலிசியில் முதல் 30 நாட்களுக்கு, விபத்தைத் தவிர வேறு சிகிச்சைக்குப் பணம் கிடைக்காது. பாலிசி எடுப்பதற்கு முந்தைய 36 மாதங்களில் கண்டறியப்பட்ட, அல்லது சிகிச்சை பெற்ற நோய்கள் 'முன்பே இருந்த நோய்கள்' ஆகின்றன. அவற்றுக்கு அதிகபட்சமாக 36 மாதங்கள் வரை நிறுவனம் காத்திருக்கச் சொல்லலாம். எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கென்றே தனிக் காத்திருப்புக் காலம் வைத்திருக்கும் பாலிசிகளும் உண்டு. எனவே இந்த மாதம் பாலிசி எடுத்து அடுத்த மாதம் அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் திட்டம் நடைமுறையில் பலிக்காது. பெற்றோரின் குடும்பப் பாலிசியில் சிறுவயது முதல் சேர்க்கப்பட்டிருப்பவருக்கு இந்த ஆண்டுகள் ஏற்கெனவே கழிந்திருக்கும் என்பதால், அந்தப் பாலிசியைப் பாதுகாப்பது முக்கியம். எல்லா நிறுவனங்களிலும் ஒரே மாதிரி இருக்கும் அடிப்படைப் பாலிசியான ஆரோக்கிய சஞ்சீவனி போன்றவற்றில் பிள்ளைகளுக்கு 25 வயது வரைதான் இடம். 18 வயதைத் தாண்டிச் சொந்தமாகச் சம்பாதிக்கத் தொடங்கிவிட்டால் அடுத்த புதுப்பித்தலிலேயே தகுதி போய்விடும். அப்போது இடைவெளி விடாமல் அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறினால், கழிந்த காத்திருப்புக் காலம் கணக்கில் சேர்த்துக்கொள்ளப்படும்.

விண்ணப்பத்தில் உயரத்தையும் எடையையும் உள்ளபடியே எழுதுங்கள். பிரீமியம் கூடுமே என்று பத்து கிலோவைக் குறைத்து எழுதிவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகளில் எடைக்காகவே பணம் கேட்டுப் போனால், உண்மையை மறைத்ததாகச் சொல்லி நிறுவனம் மறுத்துவிடலாம். தொடர்ந்து 60 மாதங்கள் பாலிசி நடப்பில் இருந்தபின் மோசடி நிரூபிக்கப்பட்டால் தவிர இந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது என்றாலும், அந்தப் பாதுகாப்பை நம்பிப் பொய் எழுதுவது வம்பை விலை கொடுத்து வாங்குவதாகும்.

ஆவணங்களில் மிகவும் மதிப்புள்ளது எடைப் பதிவு. எளிய வழிகளில் முயன்று பலனில்லாத நிலை என்பது பிஎம்ஐ 35 பிரிவினருக்கான நிபந்தனைதான் என்றாலும், 40-ஐத் தாண்டியவர்களிடமும் இதைக் கேட்க வாய்ப்புண்டு என்பதால், உணவியல் நிபுணரின் குறிப்புகள், மருந்துச் சீட்டுகள், தேதியிட்ட எடை அளவுகள் ஆகியவற்றை எல்லோருமே சேர்த்து வைப்பது நல்லது. அறுவை சிகிச்சைக்கு முன் கல்லீரலைச் சுருக்குவதற்காக ஓரிரு வாரங்களுக்கு மிகக் குறைந்த கலோரி உணவு கொடுப்பார்கள். அந்த நாட்களில் சில கிலோ குறைந்து, பிஎம்ஐ 40-க்குக் கீழே இறங்கிவிடலாம். ஆகையால் அந்த உணவைத் தொடங்கும் முன்பே உயரமும் எடையும் மருத்துவரின் கையெழுத்தோடு பதிவாகி இருக்க வேண்டும். தகுதி எண்ணை எட்டுவதற்காக வேண்டுமென்றே எடையைக் கூட்டிக்கொள்ளும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கூடும் ஒவ்வொரு கிலோவும் மயக்க மருந்தின் ஆபத்தையும் சேர்த்தே கூட்டுகிறது.

காப்பீட்டின் பொறுப்பு பெரும்பாலும் மருத்துவமனைச் செலவோடும், அதற்கு முன்னும் பின்னும் பாலிசியில் சொன்ன நாட்களோடும் முடிந்துவிடுகிறது. ஆரோக்கிய சஞ்சீவனியில் அது முன் 30 நாட்கள், பின் 60 நாட்கள். சிகிச்சையின் விளைவுகளோ வாழ்நாள் முழுவதும் தொடர்பவை. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். அதைத் திரும்பப் பொருத்த முடியாது. அந்த முறைக்குப் பிறகு சிலருக்கு நெஞ்செரிச்சல் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. எந்த முறையானாலும் வைட்டமின் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை வாழ்நாள் முழுவதும் எடுத்துக்கொண்டு, ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். இருபத்திரண்டு வயதில் செய்துகொள்பவருக்கு இது ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட கணக்கு. மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் செலவு கைப்பணம்தான். எடை இறங்கியபின் தொங்கும் தோலை அகற்றுவது அழகு சிகிச்சை என்ற விலக்கில் போய்விடுவதே வழக்கம்.

இளம் வயதில் செய்துகொள்வதில் நன்மை இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் முறை) அறுவை சிகிச்சை செய்துகொண்ட 161 பதின்வயதினரையும் 396 பெரியவர்களையும் ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து 2019-இல் வெளியான ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு இருந்த பதின்வயதினரில் 86 சதவீதத்தினருக்கு அது தணிந்திருந்தது. பெரியவர்களில் இது 53 சதவீதம் மட்டுமே. ஆனால் அதே ஆய்வில் உடலின் இரும்பு இருப்புக் குறைவு பதின்வயதினரிடம் 48 சதவீதமாகவும், பெரியவர்களிடம் 29 சதவீதமாகவும் இருந்தது. மாத்திரையை விடாமல் சாப்பிடும் ஒழுங்கு உங்களிடம் இருக்கிறதா என்ற கேள்விக்கு நீங்கள்தான் நேர்மையாக விடை சொல்ல வேண்டும். விடுதியிலோ இரவுப்பணியிலோ இருப்பவருக்கு அது எளிதல்ல.

பெண்களுக்கு இன்னும் இரண்டு விஷயங்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் 12 முதல் 18 மாதங்களுக்குக் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். பைபாஸ் முறைக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது. கல்யாணப் பேச்சு நடக்கிறது, அதற்குள் எடை குறைய வேண்டும் என்று வீட்டில் நெருக்கினால், இந்தக் காலக்கணக்கை அவர்கள் முன் வைக்கலாம். மது உடலில் ஏறும் வேகம் மாறுவதும், கட்டுப்பாடில்லாமல் உண்ணும் பழக்கமோ மனச்சோர்வோ இருந்தால் முதலில் அதற்குச் சிகிச்சை பெற வேண்டியிருப்பதும் இருபாலருக்கும் பொது. மனநல மதிப்பீடு செய்யாமலே தேதி குறிக்கும் மருத்துவமனையிடம் இருந்து விலகி நிற்பது நல்லது.

எல்லாம் முடிவானபின் திட்டமிட்ட சிகிச்சை என்பதால் முன்அனுமதிக்கு நேரம் வைத்து விண்ணப்பியுங்கள். மறுப்பு வந்தால் எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள்; ஐஆர்டிஏஐயின் 2024-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைப்படி, நிறுவனத்தின் க்ளெய்ம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கோரிக்கையையும் நிராகரிக்கக் கூடாது. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கும், ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கும் எழுதலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். அவர் அளிக்கும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் என்பதால், உங்களுக்குச் சாதகமாக வந்தால் 30 நாட்களுக்குள் அதை நிறைவேற்றியாக வேண்டும்.