முகில் கணிமை: மருத்துவமனைக்கு ‘மேகம்’ பொருந்துமா?

“ரிப்போர்ட் எல்லாம் கிளவுட்ல இருக்கு, எங்கேயும் போகாது.” மருத்துவமனைகளில் இன்று சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு இது. இந்தக் கிளவுட் எங்கிருந்து வந்தது, தமிழில் என்ன சொல்லலாம் என்று தேடப்போனால், நோயாளியின் பதிவேட்டுக்கு யார் காவல் என்ற கேள்வியில் போய் நிற்கிறோம்.

சேமிப்பிடம், கணிக்கும் திறன், மென்பொருள் ஆகியவற்றைச் சொந்தமாக வாங்கி வைக்காமல், வேண்டும்போது வேண்டிய அளவுக்கு இணையம் வழியாக வாடகைக்கு எடுப்பதே கிளவுட் கம்ப்யூட்டிங். தகவல் மருத்துவமனையுடையது, அது கிடக்கும் வட்டும் கட்டடமும் வேறொருவருடையவை.

கிளவுட் என்ற சொல்லுக்கு மூலம் பழைய ஆங்கிலத்தின் ‘க்லூட்’; அதற்குப் பாறை, குன்று என்று பொருள். குவிந்து நிற்கும் மேகம் பாறைக் குவியல்போலத் தெரிந்ததால் 1300 வாக்கில் பொருள் வானத்துக்கு ஏறிவிட்டது. கணினித்துறைக்கு அது வந்த வழி வேறு. வலையமைப்புகளை வரைபடமாகப் போடும் பொறியாளர்கள், தங்கள் கையில் இல்லாத பகுதியை ஒரு மேகப் படமாக வரைந்துவிடுவார்கள். ‘இந்தப் பக்கம் போகிறது, அந்தப் பக்கம் வருகிறது; நடுவில் நடப்பது இங்கே தேவையில்லை’ என்று அதற்குப் பொருள். காம்பாக் என்ற கணினி நிறுவனத்தின் 1996ஆம் ஆண்டு உள் ஆவணம் ஒன்றிலேயே கிளவுட் கம்ப்யூட்டிங் என்ற தொடர் இருக்கிறது. 2006இல் அமேசான் கணினித் திறனை வாடகைக்கு விடத் தொடங்கியது. கூகுளின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி எரிக் ஷ்மிட்டும் அதே ஆண்டு ஒரு மாநாட்டில் இந்தச் சொல்லைப் பயன்படுத்த, அது ஊரெங்கும் பரவியது.

‘நடுவில் நடப்பது தேவையில்லை’ என்ற அந்தப் பழைய பொருள்தான் எனக்கு உறுத்துகிறது. வரைபடத்தில் அது வசதி. நோயாளியின் தகவலில் அப்படி விட முடியாது. அமெரிக்காவின் ஓரிகன் நலவாழ்வு அறிவியல் பல்கலைக்கழகத்தில், 3,000க்கும் மேற்பட்டோரின் மருத்துவத் தகவல்கள் சட்டம் கேட்கும் ஒப்பந்தம் இல்லாமலே ஒரு கிளவுட் வழங்கியில் (சர்வர்) வைக்கப்பட்டிருந்தன. மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யாத மடிக்கணினிகள் பற்றிய புகாரும் சேர்ந்துகொள்ள, 2016இல் 27 லட்சம் டாலர் கட்டித் தீர்வுக்கு வந்தார்கள்.

அதே 2016இல் அமெரிக்க நலவாழ்வுத் துறை ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. தகவல் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தாலும், அதைத் திறக்கும் சாவி கிளவுட் நிறுவனத்திடம் இல்லாவிட்டாலும், அந்த நிறுவனமும் நோயாளிகளின் தகவலைக் காக்கும் 1996ஆம் ஆண்டு ஹிப்பா சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே என்றது. படிக்கவே முடியாத கோப்புக்கு என்ன காவல் என்று தோன்றும். சரி, படிக்கத்தான் முடியாது, அழிக்க முடியுமே! தகவல் பாதுகாப்பு என்பது ஒளித்து வைப்பது மட்டும் இல்லை. மந்தணம் (இரகசியம்) காக்க வேண்டும், உள்ளது மாறாமல் இருக்க வேண்டும், கேட்டபோது கிடைக்க வேண்டும். நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு வந்தவரின் மருந்து ஒவ்வாமைக் குறிப்பு திறக்கவில்லை என்றால், அது எவ்வளவு இரகசியமாக இருந்து என்ன பயன்?

இனி தமிழுக்கு வருவோம். ‘மேகக் கணிமை’ பரவலாகிவிட்ட சொல். பொது எழுத்தில் அதில் குறை இல்லை. மருத்துவத்தில்தான் சிக்கல். மேகம் என்ற வடிவில் இரண்டு வடசொற்கள் தமிழில் ஒன்றாகிவிட்டன: ஒன்று வானத்து மேகம், மற்றது ‘மேஹ’ என்ற நோய்ப் பெயர். மதுமேகம் (நீரிழிவு), மேகவெட்டை (ஒரு பால்வினை நோய்) என்று சித்த மருத்துவத்தில் இன்றும் வழங்குவது இந்த இரண்டாவது. மருத்துவர் ஒருவர் ‘மேகப் பதிவேடு’ என்று படித்தால் எதை நினைப்பார்?

ஆகவே மருத்துவம் சார்ந்து எழுதும்போது முகில் கணிமை என்பதே என் தேர்வு. முகில் நல்ல தமிழ். இலங்கைத் தமிழில் அன்றாடப் பேச்சிலும் இருக்கிறது. முகில் சேமிப்பு, முகில் வழங்குநர் என்று சேர்த்துச் சொல்லவும் தடங்கல் இல்லை. கொண்மூ என்றும் ஒரு பழஞ்சொல் உண்டு. அதில் ‘கொள்’ என்ற வேர் இருப்பதால், வாங்கி வைத்துக்கொள்வது என்ற குறிப்பு அழகாகக் கிடைக்கும். ஆனால் அலுவலகத்தில் ஒரு முறைக்கு இருமுறை விளக்க வேண்டியிருக்கும்.

இதனோடு ஒட்டி வரும் இன்னொரு சொல் ‘பகிர்பொறுப்பு’. கட்டடம், மின்சாரம், வழங்கி ஆகியவற்றின் காவலை முகில் வழங்குநர் பார்ப்பார். யாருக்கு நுழைவு அனுமதி, வேலையை விட்டுப் போனவரின் கணக்கை எப்போது மூடுவது, எந்தக் கோப்புறை பொதுவெளிக்குத் திறந்து கிடக்கிறது என்பவை பெரும்பாலும் மருத்துவமனையின் தலையில்தான். பொறுப்பு என்ற சொல் ‘பொறு’, அதாவது சுமத்தல் என்பதிலிருந்து வருவது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்ணிம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சுமையை அங்கேதான் வைக்கிறது. தரவைக் கையாளும் வேலையை வெளியாருக்குக் கொடுத்திருந்தாலும், ஒப்பந்தத்தில் வேறு எப்படி எழுதியிருந்தாலும், சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது மக்களிடமிருந்து தரவை வாங்கிய அமைப்பே. தக்க பாதுகாப்பு செய்யத் தவறினால் தண்டம் 250 கோடி ரூபாய் வரை போகும்.