டொமெஸ்டிக்: தமிழில் துணையோட்டி

சைக்கிள் பந்தயச் செய்திகளில் 'டொமெஸ்டிக்' என்று வந்தால் உள்நாட்டு வீரர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தான் ஜெயிக்க வேண்டும் என்பதற்காக இல்லாமல், தன் அணித் தலைவர் ஜெயிக்க வேண்டும் என்பதற்காகவே ஓட்டுகிறவர் அவர். முன்னால் போய்க் காற்றைத் தாங்குவார், பின்னால் வரும் அணிக் காரிலிருந்து தண்ணீர் பாட்டில்களை வாங்கிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வருவார், தலைவரின் சக்கரம் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ரோட்டோரம் நிற்பார்.

மூலம் லத்தீன். 'டோமுஸ்' என்றால் வீடு. அதிலிருந்து கிளைத்து, பிரெஞ்சில் வீட்டு வேலைக்காரருக்குப் பெயரானது. பந்தயத்துக்குள் வந்தது வசவாகத்தான். 1911 டூர் டி பிரான்ஸில் மொரீஸ் ப்ரொக்கோ, லக்சம்பர்க் வீரர் பிரான்சுவா ஃபாபருக்குத் துணையாக ஓட்டினார் என்று போட்டியை நடத்திய ஆன்ரி தெக்ராஞ்சு அவரை வேலைக்காரன் என்று ஏசினார். வசவு தேய்ந்து தொழிற்பெயராக நின்றுவிட்டது. இத்தாலியர் சொல்லும் 'கிரெகாரியோ' சாதாரணப் படைவீரரைக் குறித்த சொல். ஜெர்மானியரிடம் தண்ணீர் சுமப்பவர்.

இவர்கள் என்ன செய்வார்கள் என்று பார்க்க, ஃபாபரின் அதே லக்சம்பர்க்கிலிருந்து வந்த லெப்பர்ட் ட்ரெக் அணியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2011 என்ற ஒரே ஒரு சீசன்தான் அதன் ஆயுள். தொழிலதிபர் ஃபிளாவியோ பெக்காவின் பணம், ஆண்டி, ஃபிராங்க் என்ற ஷ்லெக் சகோதரர்கள், ஃபாபியன் கான்செலாரா. மே மாதம் இத்தாலியின் ஜிரோ போட்டியில், பொக்கோ கணவாய் இறக்கத்தில் விழுந்து அணி வீரர் வூட்டர் வெய்லாண்ட் இறந்துபோனார். மறுநாள் யாரும் போட்டி போடவில்லை. அவர் அணியினர் வரிசையாகத் தோள்மேல் கைபோட்டு முடிவுக்கோட்டைக் கடந்துவிட்டு ஊர் திரும்பினார்கள்.

அப்புறம் ஜூலை 21, பல நாள் நடக்கும் டூர் டி பிரான்ஸின் 18ஆவது கட்டம். யோஸ்ட் போஸ்துமா, மக்சிம் மான்ஃபோர் இருவரும் காலையிலேயே முன்னால் பிரிந்து போன கூட்டத்தில் போயிருந்தார்கள், ஜெயிக்க அல்ல, தலைவர் ஆண்டிக்காகக் காத்திருக்க. முடிவுக்குச் சுமார் 60 கிலோமீட்டர் இருக்கும்போது ஆல்ப்ஸ் மலையின் இஸோவார் ஏற்றத்தில் ஆண்டி பாய்ந்தார். ஏற்றத்தில் போஸ்துமா கிடைத்தார், தாண்டியதும் பள்ளத்தாக்கின் எதிர்க்காற்றில் மான்ஃபோர் முன்னால் நின்று இழுத்தார். 2,645 மீட்டர் உயரத்துக் கலிபியே உச்சியில் ஆண்டி தனியாக ஜெயித்தார். டூர் பாரிஸில் முடிந்தபோது, ஜெயித்த கேடல் எவன்ஸுக்கு அடுத்து ஆண்டி இரண்டாவது, ஃபிராங்க் மூன்றாவது. ஆண்டு முடிந்ததும் அணி ரேடியோஷாக் என்ற இன்னோர் அணியுடன் இணைக்கப்பட்டது.

சரி, தமிழில்? 'ஏவலர்' தெக்ராஞ்சின் வசவையே திருப்பிச் சொல்கிறது. 'உதவி வீரர்' என்றால் கிரிக்கெட்டின் பன்னிரண்டாவது ஆள் மாதிரி வெளியே உட்கார்ந்திருப்பவர் என்று தோன்றும். தேரோட்டி, வண்டியோட்டி போல 'துணையோட்டி' என்பதே சரி என்பேன். அவரும் ஓட்டுகிறார், இன்னொருவருக்குத் துணையாக ஓட்டுகிறார், இரண்டும் அதில் இருக்கின்றன. மலைகளில் கடைசிவரை தலைவரோடு நிற்பவரை மலைத் துணையோட்டி என்று பிரித்துச் சொல்லவும் வசதி.