ஃபெடிவெர்ஸ்: தமிழில் கூட்டுவெளி

ஃபெடரேஷன், யுனிவெர்ஸ் என்ற இரு சொற்களை வெட்டி ஒட்டியது ஃபெடிவெர்ஸ். மாஸ்டடான் (குறும்பதிவு), பிக்சல்ஃபெட் (படங்கள்), பியர்ட்யூப் (காணொளி) போன்ற சமூகத் தளங்கள் ஆயிரக்கணக்கான தனித்தனி வழங்கிகளில் (சர்வர்களில்) ஓடுகின்றன. ஒரு வழங்கியில் இருப்பவர் இன்னொன்றில் இருப்பவரைப் பின்தொடரலாம், பதில் எழுதலாம். இதற்கு வழிசெய்யும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறை, அதாவது வழங்கிகள் தமக்குள் பேசிக்கொள்வதற்கான பொது விதிகள், 2018 ஜனவரியில் இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ த்ரீ சி அமைப்பின் பரிந்துரையானது. இந்தப் பரப்பு முழுவதற்கும் சேர்த்துத்தான் ஃபெடிவெர்ஸ் என்று பெயர்.

வேரைத் தோண்டினால் இரண்டு லத்தீன் சொற்கள் கிடைக்கின்றன. முதல் பாதி 'ஃபோய்டுஸ்', அதாவது உடன்படிக்கை. தனித்தனியாக இருப்பவர்கள்தான் உடன்படிக்கை செய்துகொள்ள முடியும். பின்பாதி 'யுனிவெர்சுஸ்', ஒன்றாகத் திரும்பியது. பிரிந்து நிற்பதும் ஒன்றாகிப் போவதும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன.

தமிழில் எதைச் சொல்லலாம்? ஃபெடரல் என்பதற்குத் தமிழ்நாட்டில் கூட்டாட்சி என்கிறோம், இலங்கையில் சமஷ்டி. சமஷ்டி வடமொழியில் முழுமையைக் குறிப்பது. 'கூட்டு' என்பதிலோ கூடுகிறவர்கள் கண்முன் நிற்கிறார்கள். 'அண்டம்' சேர்த்தால் மறுபடி ஒற்றை முழுமையாகிவிடும். விண்வெளி, இணையவெளி என்று பழகிய 'வெளி' போதும். கூட்டுவெளி என்பதே என் தேர்வு. 'பரவலாக்கம்' இதற்குப் பொருந்தாது. அது மேலிருப்பவர் அதிகாரத்தைப் பிரித்துத் தருவது. இங்கே தருவதற்கு மேலே யாரும் இல்லை.

ஆனால் நெறிமுறை பொதுவாக இருப்பதாலேயே கூட்டு நிலைத்துவிடாது. மின்னஞ்சலைப் பாருங்கள். அதை அனுப்புவதற்கு 1982-இல் வரையறுத்த எஸ்எம்டிபி நெறிமுறை இன்றும் எல்லோருக்கும் பொது. ஆனாலும் உங்களுக்குத் தெரிந்தவர்களில் எத்தனை பேர் ஜிமெயிலுக்கு வெளியே இருக்கிறார்கள்? அரட்டைக்கான எக்ஸ்எம்பிபி நெறிமுறையில் பிற வழங்கிகளோடும் பேசிவந்தது கூகுளின் அரட்டைச் சேவையான கூகுள் டாக். அதற்குப் பதிலாக 2013-இல் வந்த ஹேங்கவுட்ஸ் அந்தக் கதவை அடைத்தது. மாஸ்டடானும் 2023-இல், புதியவர்கள் வழங்கியைத் தேர்ந்தெடுக்கத் திணறுகிறார்கள் என்று, தன் செயலியில் தானே நடத்தும் வழங்கியான மாஸ்டடான்.சோஷியலையே முதல் வாசலாக வைத்தது. தீய எண்ணம் இல்லை, வசதிதான் காரணம். மையம் பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது.

அதனால் ஒரு வழங்கி எவ்வளவு பெரியது என்பதைவிட, அதைவிட்டுக் கிளம்புவது எவ்வளவு எளிது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். உடன்படிக்கை என்றால் விலகும் உரிமையும் அதில் இருக்க வேண்டும். மாஸ்டடானில் வழங்கி மாறும்போது பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள். எழுதிய பதிவுகள் பழைய வீட்டிலேயே தங்கிவிடும்.