ஆக்சென்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

பிரிட்டனுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் முதல் மாதம் வீட்டுக்குப் போன் செய்தால் தவறாமல் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: “இவங்க ஸ்லாங் ஒண்ணுமே புரியலைம்மா.” அவர்கள் சொல்ல வருவது ஸ்லாங் அல்ல, ஆக்சென்ட். தமிழ்ப் பேச்சில் இந்த இரண்டும் எப்படியோ ஒன்றாகிவிட்டன. ‘மதுரை ஸ்லாங்’, ‘கோவை ஸ்லாங்’ என்றெல்லாம் சொல்லியே பழகிவிட்டோம்.

லண்டனின் கிழக்குப் பகுதிக்காரர் மாடிப்படியை ‘ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்’ என்றால் அது ஸ்லாங். படியைக் குறிக்கும் ‘ஸ்டேர்ஸ்’ என்ற சொல்லோடு எதுகை போல ஒத்துவரும் வேறொரு தொடரை வேண்டுமென்றே வைத்துக்கொண்டு விளையாடுவது அது. ஸ்காட்லாந்திலும் நியூகாசில் பக்கத்திலும் குழந்தையை ‘பேர்ன்’ என்பது வட்டார வழக்கு, சொல்லே வேறு. ஆனால் லீட்ஸ்காரர் ‘பஸ்’ என்பதை ‘புஸ்’ என்றும், ‘கப்’ என்பதை ‘குப்’ என்றும் சொன்னால் சொல் மாறவில்லை, ஒலிதான் மாறுகிறது. ஆக்சென்ட் என்பது இந்த மூன்றாவது மட்டும்தான்.

இனி சொல்லின் பிறப்பு. லத்தீனில் ‘அக்சென்துஸ்’. ‘ஆத்’ என்றால் ‘உடன்’, ‘காந்துஸ்’ என்றால் ‘பாட்டு’. பேச்சோடு சேர்ந்து வரும் பாட்டு! இதையும் ரோமானியர்கள் தாமாக உண்டாக்கவில்லை. கிரேக்கர்களின் ‘புரோசோதியா’ என்ற சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்து அப்படியே மொழிபெயர்த்துக்கொண்டார்கள். பழைய கிரேக்கத்தில் சொல்லின் ஓர் அசையில் குரல் ஏறும். அந்த ஏற்றத்துக்கு வைத்த பெயர் அது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த பிறகு அசையழுத்தம், அதைக் காட்டும் எழுத்துக்குறி, கடைசியில் ஒருவர் பேசும் விதம் என்று பொருள் விரிந்தது. நாமும் வேற்றூர்க்காரர் பேச்சைக் கேட்டு “என்ன, ராகம் போட்டுப் பேசுறார்?” என்கிறோம். லத்தீன் தெரியாமலே அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். வேல்ஸ்காரர்கள் பேசுவதைக் கேட்கும் இங்கிலாந்துக்காரர்களும் ‘பாடுகிற மாதிரி இருக்கிறது’ என்றுதான் சொல்வார்கள்.

சரி, அந்த ‘புஸ்’ஸுக்குத் திரும்புவோம். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் பழைய ஒலி அதுதான். ஒரு காலத்தில் இங்கிலாந்து முழுவதும் இந்த வகைச் சொற்களில் உகரமே ஒலித்தது. பதினேழாம் நூற்றாண்டு வாக்கில் தெற்கே அது அகரம் போலத் திரிந்தது, வடக்கு திரியவில்லை. ‘பாத்’ (குளியல்), ‘கிராஸ்’ (புல்) போன்ற சொற்களிலும் இதே கதை. தெற்கு பின்னாளில் ஆகாரமாக நீட்டியது, வடக்கு இன்னும் குறிலாகவே சொல்கிறது. ஆக, லண்டன்காரர் காதுக்குப் பிழையாகப் படுவது உண்மையில் லண்டன் கைவிட்ட பழசு.

ரகரமும் அப்படித்தான். லண்டனில் ‘கார்’ என்ற சொல்லின் கடைசி ரகரம் ஒலிக்காது. ‘கா’ என்று நீட்டி விட்டுவிடுவார்கள். ஸ்காட்லாந்திலும், வட அயர்லாந்திலும், இங்கிலாந்தின் தென்மேற்கே சாமர்செட், டெவன் பக்கத்து முதியவர்களிடமும் அந்த ரகரம் இன்றும் கேட்கும். ‘கார்’ என்று ரகரத்தை விடாமல் சொல்லும் நாம் இந்த விஷயத்தில் ஸ்காட்லாந்துக்காரர் கட்சி.

எனக்கு மிகப் பிடித்தது லிவர்பூல். அந்த ஊர்க்காரர்களுக்கும் அவர்கள் பேச்சுக்கும் ‘ஸ்கௌஸ்’ என்று பெயர். ‘லாப்ஸ்கௌஸ்’ என்பது கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம் போட்டு மாலுமிகள் சமைத்த குழம்பு. துறைமுக ஊர் அல்லவா, குழம்பின் பெயரே மக்களுக்கும் பேச்சுக்கும் வந்துவிட்டது. 1840களின் பஞ்சத்தில் அயர்லாந்திலிருந்து பெருங்கூட்டமாக வந்திறங்கியவர்களின் பேச்சு அங்கே கலந்தது. அதனால் முப்பது மைல் தள்ளியிருக்கும் மான்செஸ்டரின் பேச்சு இதுபோல இருக்காது. லிவர்பூல்காரர் ‘பேக்’ (முதுகு) என்றால் கடைசி ககரம் தேய்ந்து ‘பேஹ்’ என்று முடியும். நாம் ‘பகல்’ என்று எழுதிவிட்டு ‘பஹல்’ என்று சொல்வதில்லையா, அதே தளர்ச்சிதான். ‘அஃது’ என்பதைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவருக்கு லிவர்பூல் ககரம் பாதி வந்துவிட்டது என்பேன்.

இப்படி ஊருக்கு ஊர் மாறுவதைப் பதிவு செய்ய லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹெரால்டு ஆர்ட்டனும் சூரிச்சைச் சேர்ந்த ஆய்கன் டீத்தும் ஒரு பெரிய கள ஆய்வைத் திட்டமிட்டார்கள். 1950 முதல் 1961 வரை 313 இடங்களில் அது நடந்தது. தேடிப் போனது பெரும்பாலும் ஊரைவிட்டு அதிகம் வெளியே போகாத கிராமத்து முதியவர்களை. சொல்லை முதலில் நாம் சொல்லிவிட்டால் அவர் நம்மைப் போலவே சொல்லிவிடுவார் என்பதால், பொருளைக் காட்டியும் விவரித்தும் சொல்லை அவர் வாயிலிருந்தே வரவழைத்தார்கள்.

அப்புறம், எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒன்று இருக்கிறது. ‘ரிசீவ்டு புரொனன்சியேஷன்’ என்பார்கள். இதைப் ‘பெறப்பட்ட உச்சரிப்பு’ என்று மொழிபெயர்த்தால் பிழை. இங்கே ‘ரிசீவ்டு’ என்பதற்குப் பழைய பொருள்: மேலோர் அவையில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. தங்கிப் படிக்கும் உயர்குடிப் பள்ளிகளில் உருவான ஒலிப்பு இது. ஒலியியலாளர் டேனியல் ஜோன்ஸ் 1917 அகராதியில் அந்தப் பள்ளிகளின் பெயராலேயே இதை அழைத்தார். 1926 பதிப்பில்தான் இந்தப் பெயருக்கு மாறினார். இது வட்டாரம் அல்ல, வர்க்கம்.

இங்கேதான் தமிழ்ச் சொல்லின் சிக்கல் வருகிறது. ‘வட்டார ஒலிப்பு’ என்றால் லிவர்பூலுக்குப் பொருந்தும். வட்டாரமே இல்லாத இதற்குப் பொருந்தாது. ‘அசையழுத்தம்’ என்பது பழைய பொருளோடு நின்றுவிடுகிறது. தொல்காப்பியத்தின் ‘திசைச்சொல்’ கைகொடுக்குமா என்றால், அது சொல் வேறுபாட்டைப் பேசுகிறது, ஒலி வேறுபாட்டை அல்ல. செய்தித்தாள்கள் எழுதும் ‘உச்சரிப்பு’தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. உச்சரிப்பில் சரி, தவறு உண்டு; ‘உச்சரிப்பு சரியில்லை’ என்று பிள்ளையைத் திருத்துகிறோம். ஆக்சென்ட் தவறாக இருக்க முடியாது.

‘அவர் பேச்சில் மலையாள வாடை அடிக்கிறது’ என்று சொல்கிறோமே, அந்த ‘வாடை’ பேச்சுக்கு அருமையான சொல். எழுத்துக்கு ‘ஒலிச்சாயல்’ என்பதை எடுத்துக்கொள்ளலாம். முகச்சாயல் போலத்தான் இதுவும்: ஊரிலிருந்தும் வீட்டிலிருந்தும் தொற்றிக்கொள்வது. ஊரைக் குறிக்க வேண்டுமானால் ‘லிவர்பூல் ஒலிச்சாயல்’, பொதுவாகச் சொல்ல ‘வட்டார ஒலிச்சாயல்’, மேட்டுக்குடி வகைக்கு ‘ஏற்கப்பட்ட ஒலிச்சாயல்’.

ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். 1941இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, பிபிசி வானொலி வில்ஃபிரட் பிக்கிள்ஸ் என்ற வட இங்கிலாந்து யார்க்‌ஷயர்காரரைத் தேசியச் செய்தி வாசிக்க வைத்தது. வடக்கு நேயர்களுக்கு அவர் ‘குட் நைட்’ சொல்லவில்லை, ‘குட் நீட்’ என்றார். நேயர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. ‘பிக்கிள்ஸ் செய்தியை யார்க்‌ஷயர் உச்சரிப்பில் வாசித்தார்’ என்று எழுதினால் அவர் ஏதோ பிழை செய்தது போலத் தொனிக்கும். ‘யார்க்‌ஷயர் ஒலிச்சாயலில் வாசித்தார்’ என்று எழுதிவிடலாம்.