முற்றத்துக்கு மூடி போடாதீர்கள்

இந்த வருடமும் அதே கதைதான். மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் ஒரு புது வீடு. குடிபூந்த சூடு ஆறுவதற்குள் "உள்ளே இருக்கேலாமல் கிடக்கு, எத்தனை ஏசி போடலாம்?" என்று கூப்பிட்டார்கள். போனால் நடு முற்றம், பூசாத சீமெந்துச் சுவர், தாமரைத் தொட்டி எல்லாம் இருக்கிறது. "ஜெப்ரி பாவா ஸ்டைல் சேர்" என்றார் மகன். அண்ணாந்து பார்த்தேன். முற்றத்துக்கு மேல் ஒளி புகும் பிளாஸ்டிக் சீற் அடித்து, விளிம்பெல்லாம் சிலிக்கன் வைத்து அடைத்திருக்கிறார்கள். தொட்டித் தண்ணீர் கையில் சுட்டது.

இலங்கையின் பேர்போன கட்டடக் கலைஞர் பாவாவைப் போனில் படமாகப் பார்த்தால் இதுதான் நடக்கும். 1919 இல் பிறந்த அவர் முதலில் சட்டத்தரணி. 1948 இல் பெந்தோட்டைக்குப் பக்கத்தில் லுணுகங்கைத் தோட்டத்தை வாங்கி அதைத் திருத்தப் போய், பிறகுதான் லண்டனில் கட்டடக்கலை படித்தார். 1957 இல் படித்து முடித்தபோது நாற்பதை நெருங்கிவிட்டார். கோட்டேயில் நாடாளுமன்றம் கட்டியதை எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பெரிது, 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் பத்திக் கலைஞர் எனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடு. தெருவுக்கு மதில், நடுவில் பெரிய முற்றம், சுற்றிவர விறாந்தை, அதற்கு மேல் நன்றாக இறங்கிய ஓட்டுக் கூரை. பின்னாளில் அந்த வீட்டைக் கழற்றிக் கொண்டுபோய் லுணுகங்கையில் திரும்பக் கட்டினார்கள்.

அந்த முற்றத்துக்கு மூடி இல்லை. முற்றம் வெளிச்சத்துக்கு என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. வெளிச்சம்தான் வேண்டுமென்றால் நாலு கண்ணாடி ஓடு போதும். முற்றம் காற்றுக்கு! அறைகளில் சூடேறும் காற்று முற்றத்துக்கு வந்து மேலே போகவேண்டும், அந்த இடத்துக்கு விறாந்தையால் புதுக்காற்று வரவேண்டும். சீற் அடித்தால் வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது. கச்சான் என்ற வெக்கைக் காற்று அடிக்கும் காலத்தில் அதற்குள் அப்பளம் காயப்போடலாம்.

"மழை வருமே சேர்?" வரட்டும், அது முற்றம். "கள்ளன்?" இரும்புக் கம்பிவலை போடுங்கள், காற்றுக்குத் தடையில்லை. "இதெல்லாம் பணக்கார வேலை" என்பவர்களுக்கு: நடுவில் முற்றம் வைத்த உங்கள் அம்மம்மாவின் நாற்சார் வீட்டுக்கு யார் பிளான் கீறினார்கள்?

ஆனால் பாவா செய்ததை அப்படியே எங்கள் கிழக்குக் கரைக்குக் கொண்டுவரவும் வேண்டாம். ஓட்டுக் கூரை ஒழுகாமலிருக்க நெளி சீமெந்துச் சீற்றின் மேல் அரைவட்ட ஓடு அடுக்குவது பாவாவின் நல்ல யோசனை. அந்தக் காலத்துச் சீற் அஸ்பெஸ்டஸ். இப்போது அஸ்பெஸ்டஸ் இல்லாத சீற்றாகக் கேட்டு வாங்குங்கள்; பழையதை வாளால் அறுத்துத் தூசி கிளப்பாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. தாவாரம், அதாவது சுவருக்கு வெளியே நீளும் கூரை, மூன்றடியாவது இறங்கட்டும், ஆனால் எங்கள் ஊரை அடித்த 1978 சூறாவளியை மறக்கவேண்டாம். நீண்ட தாவாரத்தைத்தான் காற்று முதலில் தூக்கும். விறாந்தைக் கூரையைத் தனியாக இறக்குங்கள். சுவரின் மேல் கூரையைத் தாங்கும் வளைமரத்தைச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்கச் சொல்லி, தச்சு ஓடாவி செய்து முடிக்கும்வரை பக்கத்தில் நில்லுங்கள்.

முற்றத்தின் தரை விறாந்தையைவிட ஓரடி தாழ்வாக இருக்கட்டும். தண்ணீர் ஓடுவதற்கான குழாயை அத்திவாரம் போடும்போதே வையுங்கள். மார்கழியில் கிணறு நிரம்பி வழியும் ஊர் இது. வீடு முடிந்தபிறகு என்னைக் கூப்பிட்டால் தரையை உடைக்கத்தான் சொல்வேன்.

ஏற்கெனவே சீற் அடித்தவர்கள் இந்தக் கிழமையே கழற்றுங்கள். அதுவரை ஏசி வாங்கவேண்டாம், தயவுசெய்து.